கூர் கடைசியில் பார்க்கலாம்: மடக்குக் கத்தி வாங்கப் போகிறவருக்கு

போன மாதம் என் தங்கை மகன் வாட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பினான். நாலும் மடக்குக் கத்தி. கூடவே ஒரு கேள்வி: “மாமா, இதுல எதுங்க நல்லா வெட்டும்?”

கோபிப் பக்கம் நாலு ஏக்கர் வாழையும் வரப்போரம் தென்னையுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாழைநார் அறுக்க, உரமூட்டையின் தையலைப் பிரிக்க, சொட்டுநீர்க் குழாயை நறுக்க, மதியம் ஒரு கொய்யாவைக் கீறித் தின்ன என்று பகலெல்லாம் கத்தி வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மோட்டார் ரூமில் செருகி வைத்த அரிவாளைத் தேடிப் போனால் வேலை ஆகாது.

அவன் அனுப்பியவை: பிரான்சின் ஒப்பினெல் 8-ஆம் எண், சுவிட்சர்லாந்தின் சிவப்பு விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன், அமெரிக்காவின் பக் 110, அதே நாட்டு பெஞ்ச்மேட் பக்அவுட். விலையில் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். முதல் இரண்டும் ஒரு நல்ல செருப்பு வாங்கும் காசுக்குள் முடிந்துவிடும். கடைசியை வாங்கும் காசுக்குச் சுமாரான ஒரு செல்போனே வாங்கலாம்.

நாலும் பெட்டியைப் பிரித்த அன்று நியூஸ்பேப்பரைச் சத்தமில்லாமல் அறுக்கும். பிறகு நாலும் மழுங்கும். சிலது பதினைந்து நாளில், சிலது இரண்டு மாதத்தில். அதற்கப்புறம் கத்தியின் கூர் கத்திக்காரன் கையில்தான் இருக்கிறது. சில நூறு ரூபாய்க் கல்லை வைத்துக்கொண்டு மொண்ணைக் கத்தியை மயிர் மழிக்கும் அளவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் திறந்த அலகை மடங்காமல் பூட்டிவைக்கும் லாக்கை வீட்டில் மாற்ற முடியாது. கனத்தைக் குறைக்க முடியாது. பையில் அது உட்காரும் விதத்தையும் பெரிதாக மாற்ற முடியாது. அதனால் அவனுக்குப் பதில் சொல்லும்போது வரிசையைத் திருப்பிப் போட்டேன். முதலில் லாக், அடுத்து எங்கே வைத்துக்கொள்வது, கடைசியில் கூர்.

லாக்குக்கு முன்னால் ஒரு பேர் விஷயம். நம் பக்கம் பேனாக்கத்தி என்கிறோம். இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்திக்கு வந்த பேர் அது. இறகு போய் நூறு வருஷத்துக்கு மேலாகியும் பேர் போகவில்லை. யாழ்ப்பாணத்தார் வில்லுக்கத்தி என்பார்கள். அங்கே வில்லு என்றால் ஸ்பிரிங். என்னைக் கேட்டால் அதுதான் சரியான பேர், ஏனென்றால் பழைய மடக்குக் கத்தியைத் திறந்தும் மூடியும் நிறுத்தி வைப்பது முதுகிலிருக்கும் அந்த வில் மட்டும்தான். ஸ்பார்ட்டன் அந்த வகை. அலகைப் பாதி திறக்கும்வரை வில் எதிர்க்கும்; அதைத் தாண்டியதும் ‘டக்’கென்று இழுத்துத் திறந்துவிடும். திறந்த நிலையில் அதைப் பிடித்துவைக்க வேறு எதுவும் கிடையாது. ஓங்கி அழுத்தினால் மடங்கும்.

எவ்வளவு அழுத்தினால் மடங்கும் என்பதற்கு என் வலது ஆள்காட்டி விரலில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் மூடியில் ஓட்டை போட வேண்டியிருந்தது. சந்தையில் வாங்கிய, பேரில்லாத, லாக் இல்லாத ஒரு கத்தியின் முனையை வைத்துக் குத்தினேன். முனை மூடிக்குள் இறங்கி மாட்டிக்கொண்டது. கை மட்டும் முன்னால் போனது. அலகு விரலின்மேல் வந்து மூடியது. மூன்று தையல். கத்தியின்மேல் பழி போட மாட்டேன். அறுக்கும்போது நாம் கொடுக்கும் பலம் அலகைத் திறந்த பக்கமாகவே தள்ளும், அதனால் லாக் இல்லாத கத்தியும் பத்திரம். குத்தும்போதும், மரத்தில் சிக்கிய அலகை ஆட்டி ஆட்டிப் பிடுங்கும்போதும் பலம் மூடும் பக்கமாகத் திரும்புகிறது. அறுக்கச் செய்த கருவியை வைத்து நான் குத்தினேன்.

ஆக, முதல் கேள்வி இது: நீ வெறுமனே அறுக்கப் போகிறாயா, குத்தவும் நெம்பவும் போகிறாயா? அறுப்பது மட்டும்தான் என்றால் வில்லே போதும்.

இல்லையென்றால் லாக் வேண்டும். இருப்பதிலேயே எளிய லாக் ஒப்பினெல்லுடையது. சவோய் மலைப் பக்கம் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய விவசாயிக் கத்தி அது. அப்போது லாக் கிடையாது. 1955-இல் மார்செல் ஒப்பினெல் பிடியின் கழுத்தில் ஒரு எஃகு வளையத்தைச் சேர்த்தார். அலகைத் திறந்துவிட்டு வளையத்தைத் திருப்பினால் அதன் உடம்பு அலகின் குதிகாலுக்கு, அதாவது பிடியோரத்து அடிமுனைக்கு, முன்னால் வந்து வழியை அடைத்துக்கொள்ளும். 2000-க்குப் பிறகு வந்தவற்றில் மூடிய நிலையிலும் பூட்டலாம், பையில் தானாகத் திறக்காது. உடைய ஒன்றுமில்லை, ஸ்பிரிங் இல்லை, மண் போனாலும் ஊதிவிட்டால் போச்சு. ஒரே வில்லங்கம், வளையத்தை நாம் திருப்ப வேண்டும். அவசரத்தில் மறந்தால் அது லாக் இல்லாத கத்திதான்.

பக் 110 வேறு மாதிரி. 1960களின் நடுவில் அமெரிக்க வேட்டைக்காரர்களுக்காக வந்தது. உறையில் தொங்கும் நீளக் கத்திக்குப் பதில், அதே பலத்தோடு மடக்கி வைக்கக்கூடிய ஒன்று. முதுகில் ஒரு எஃகுச் சட்டம், நடுவில் அச்சு. ஏற்றமரம் மாதிரி ஒரு முனை எழுந்தால் மறுமுனை தாழும். முன்முனையிலிருக்கும் பல், அலகின் அடியிலுள்ள பள்ளத்தில் ‘க்ளக்’கென்று விழும். பிடியின் பின்பக்கத்தை அழுத்தினால் பல் எழும், அலகு மடங்கும். லாக்கைப் போட மறப்பது என்ற பேச்சே இல்லை, தானே விழும். ஆனால் அந்தப் பள்ளத்தில் பைக்குள் இருக்கும் நூல்தூசியும் மண்ணும் அடையும். பல் முழுசாக இறங்காமல் மேலோட்டமாக உட்கார்ந்திருந்தால் வெளியிலிருந்து பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது. தென்னை ஈர்க்குச்சி ஒன்றைச் சீவி வாரம் ஒருதரம் அந்தப் பள்ளத்தை நோண்டிவிட வேண்டும். மூடுவதற்கு இரண்டு கை வேண்டும் என்பது இன்னொன்று.

சந்தையிலும் ஆன்லைனிலும் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை லைனர் லாக். அவன் அனுப்பிய நாலில் இது இல்லை என்றாலும், தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுதான். பிடிக்குள் இருக்கும் தகட்டில் ஒரு பட்டை வளைந்து வந்து அலகின் குதிகாலுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும். 1980களின் தொடக்கத்தில் கத்தி செய்பவரான மைக்கேல் வாக்கர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதையே தடித்த டைட்டானியப் பிடியின் ஒரு பாதியாக ஆக்கியவர் இன்னொரு கத்தி செய்பவரான கிறிஸ் ரீவ். அவருடைய செபென்சா கத்தி நானூறு டாலருக்கு மேல். செபென்சா என்றால் சூலு மொழியில் வேலை என்று பொருள், ஆனால் அந்த விலைக்கு வாங்கியவர் யாரும் அதை வைத்துத் தேங்காய் நார் உரிப்பார் என்று தோன்றவில்லை. நன்றாகச் செய்த லைனர் லாக் நல்ல லாக்தான். மோசமாகச் செய்ததில் அந்தப் பட்டை காகிதம் போல் மெல்லிசாக இருக்கும், குதிகாலின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், அழுத்தினால் வழுக்கும். இன்னொரு சங்கடம் உண்டு. இதை மூட, பட்டையைப் பெருவிரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே அலகைத் தள்ள வேண்டும். அதாவது அலகு வருகிற வழியில் நம் பெருவிரலே நிற்கிறது. பழகினவர் யோசிக்காமல் செய்வார். புதுசாகப் பிடிப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். இடக்கைக்காரருக்குச் சுத்தமாகச் சொல்ல மாட்டேன்; பட்டை வலது பெருவிரலுக்கு ஏற்றாற்போல் அமைந்திருக்கும்.

இடக்கை என்றதும் பக்அவுட்டுக்கு வர வேண்டும். இதில் குறுக்குத் தண்டு லாக். பிடியின் இரண்டு பக்கமும் ஒரு சின்னக் குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே எஃகுத் தண்டின் இரு முனைகள். அலகு திறந்ததும் தண்டு முன்னால் நகர்ந்து குதிகாலின்மேல் குறுக்கே விழுந்துவிடும், கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி. குமிழைப் பின்னுக்கு இழுத்தால் அலகு தொங்கிவிடும். எந்தக் கையாலும் திறக்கலாம், மூடலாம். மூடும்போது ஒரு விரலும் அலகின் பாதையில் இல்லை. பில் மக்ஹென்றியும் ஜேசன் வில்லியம்ஸும் கண்டுபிடித்தது. 1998-இல் பெஞ்ச்மேட் முதலில் போட்டது. காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் இந்த லாக் வேண்டுமென்றால் பக்அவுட் விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. குறை சொல்வதானால், தண்டைத் தள்ளிக்கொண்டிருப்பது மயிரிழை போன்ற இரண்டு கம்பி ஸ்பிரிங். எப்போதாவது ஒன்று உடையும். இன்னொன்று தாங்கும், அதற்குள் மாற்றிவிட வேண்டும்.

ஒரு கையில் திறந்து மூடுவதைச் சொகுசு என்று நினைக்கிறார்கள். தோட்டத்தில் அப்படியில்லை. சாய்ந்த வாழைக்கு முட்டுக்கொடுத்துக் கட்டும்போது இடக்கை மரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். வலக்கை ஒன்றை வைத்துக்கொண்டு கத்தியை எடுத்து, திறந்து, கயிற்றை அறுத்து, மூடிப் பையில் போட வேண்டும். ஸ்பார்ட்டனின் அலகில் நகம் மாட்டி இழுக்க ஒரு பள்ளம் இருக்கிறது. சேற்றில் ஊறின நகத்தால் அதை இழுத்துப் பாருங்கள். நகம் வளையும், கத்தி வராது. அந்தப் பள்ளமும் வலக்கைக்காரருக்குத்தான்.

லாக்கை எப்படிச் சோதிப்பது? கடையிலேயே செய்யலாம், ஐந்து நிமிஷம். திறந்து லாக் விழுந்த பிறகு அலகின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டு. பக்கவாட்டில் லேசாக ஆடினால் பரவாயில்லை, அச்சுத் திருகை அரைத் திருப்பு முடுக்கினால் நிற்கும். மேல் கீழாக ஆடினால் வாங்காதே, அது லாக் உட்காரும் இடத்திலேயே கோளாறு. அடுத்து, விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கி, பிடியை உள்ளங்கையில் மட்டும் அணைத்துக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரப்பலகையில் மெதுவாகத் தட்டு. மெதுவாக, சுத்தியல் அடி வேண்டாம். இதற்கே மடங்குகிற லாக் இருந்தும் இல்லாததற்குச் சமம். லாக் இருக்கிறதென்று நம்பிக் குத்துவோம் அல்லவா, அதனால் அது இன்னும் மோசம்.

லாக் அதிகமானால் எல்லா ஊரிலும் நல்லது என்றும் இல்லை. லண்டனிலிருக்கும் மச்சினர் ஒருமுறை நல்ல லாக் வைத்த கத்தி ஒன்று வாங்கி வரச் சொன்னார். அங்கே சட்டம் தலைகீழ். பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத வாய் கொண்ட மடக்குக் கத்தி மட்டும். லாக் விழுகிற கத்தி அந்த விலக்கில் வராது என்று 1990களிலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்கு வில்லுக்கத்திதான் சரி. நம் நாட்டில் ஆயுத விதிகள் அளவைப் பார்க்கின்றன: 9 அங்குலத்துக்கு நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான அலகு ஆயுதப் பட்டியலில் வரும்; வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்குமான கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. நாம் பேசுகிற நாலில் மிக நீளமான பக் 110-இன் அலகே ஒன்பதரை சென்டிமீட்டர்தான். அங்குலமில்லை. பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்தியை மட்டும் தொடாதே என்று சொன்னேன். டெல்லியில் அதற்குத் தனி அறிவிக்கையே இருக்கிறது. உத்தரப்பிரதேசத்து ராம்பூர்க்காரர்கள் அந்த வகையான தங்கள் ஊர்க் கத்திக்கு 2023-இல் நடுச்சந்தியில் இருபதடிச் சிலையே வைத்தார்கள். அது அவர்கள் பெருமை. நம் ஊர்ச் செக்போஸ்ட்டில் அதை விளக்கிக்கொண்டு நிற்க முடியாது.

இனி சுமக்கும் விதம். கத்தியைப் பற்றிப் பேசுகிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் ஜீன்ஸ் போட்டிருக்கிறார்கள். ஸ்பைடர்கோ என்கிற அமெரிக்கக் கம்பெனி 1981-இல் தன் முதல் மடக்குக் கத்தியில் ஒரு கிளிப்பை வைத்தது. பைக்குள் கீழே கிடக்கும் கத்தியைப் பையின் வாயோரம் தொங்கவிட்டது அந்தக் கிளிப். அலகில் வட்டத் துளையும் போட்டு ஒரு கையால் திறக்கவும் வைத்தது. அதற்குப் பிறகு கிளிப் இல்லாமல் வருவது குறைந்துபோனது. ஆனால் கிளிப்புக்குத் தடித்த, நேரான, விறைப்பான பை ஓரம் வேண்டும். வேட்டியில் அது எங்கே? கைலி மடிப்பில் செருகினால் குனிகிற போதெல்லாம் வயிற்றில் குத்தும், வாய்க்காலைத் தாண்டும்போது நழுவித் தண்ணீரில் விழும்.

நம் ஆட்கள் இதற்கு எப்போதோ வழி கண்டவர்கள். அரைஞாண் கயிற்றில் சாவியோடும் முள்வாங்கியோடும் சின்னக் கத்தியைக் கோத்துக்கொண்ட தாத்தாக்கள் இருந்தார்கள். பட்டாபட்டி டவுசரில் பை வைத்ததே இதற்காகத்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்றைக்கும் பச்சைநிற அகல பெல்ட்டின் பர்ஸ் அறையில் பீடிக்கட்டும் ரூபாயும் கத்தியும் சேர்ந்தே கிடக்கும். அந்த அறையில் 91 மில்லிமீட்டர் ஸ்பார்ட்டன் அளந்து வைத்ததுபோல் உட்காரும், கனம் சுமார் 60 கிராம். ஒப்பினெல் அதைவிட லேசு, 50 கிராமுக்குள். ஆனால் உருண்டைப் பிடி, புடைத்துக்கொண்டு நிற்கும். சட்டைப் பையில் போட்டால் பேனா மாதிரி படுக்காது. பக்அவுட்டும் ஐம்பது சொச்சம் கிராம்தான், தட்டை, கிளிப் உண்டு. பேன்ட் போடுகிறவருக்கு இதை அடிக்க ஆளில்லை, பையில் இருப்பதே மறந்துபோகும்.

பக் 110 இருநூறு கிராம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இறங்கும். அதற்காகத்தான் தோல் உறை கொடுத்து பெல்ட்டில் மாட்டச் சொல்கிறார்கள். பெல்ட் கட்டுகிறவருக்கு அது வசதிதான். ஆனால் ஒன்று: தோலைப் பதப்படுத்திய ரசாயனம் பித்தளையோடு ஒத்துப்போகாது. ஐப்பசி ஈரத்தில் கத்தியை உறைக்குள்ளேயே விட்டுவைத்தால் பிடி முனையின் பித்தளைக் கொப்பியில் பச்சைக் களிம்பு பூக்கும். இரவில் வெளியே எடுத்து வைக்க வேண்டும், உறையில் எண்ணெய் தடவி வெயிலில் காட்டக் கூடாது, நிழலில் உலர்த்த வேண்டும். இவ்வளவு பணிவிடை செய்கிற பொறுமை அவனுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கே வைப்பது என்பதில் கனம் மட்டும் இல்லை, பார்க்கிற கண்ணும் உண்டு. பையின் ஓரத்தில் கிளிப் மின்னிக்கொண்டிருந்தால் வங்கியிலோ கல்யாண வீட்டிலோ ஒருமாதிரிப் பார்ப்பார்கள். சிவப்புக் கத்தியை எடுத்து மாங்காய் நறுக்கினால் பக்கத்து இலைக்காரர் ‘கொடுங்க, நானும் பார்க்கிறேன்’ என்று கேட்டு வாங்குவார். அது ஒரு கத்தி என்றே யாருக்கும் தோன்றாது. விமானத்தில் மட்டும் எந்த நிறமும் எடுபடாது. கைப்பையின் அடியில் மறந்துபோய்க் கிடந்த ஒன்றைச் சோதனை மேசையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பெட்டியில் போட்டு உள்ளே அனுப்பியிருக்கலாம், ஞாபகம் வரவில்லை.

இப்போது கூர். ஒரு கேரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பக் 110-இன் அலகு முதுகில் மூன்று மில்லிமீட்டர் கனம். அதை வைத்துக் கேரட்டை அழுத்தினால் பாதிவரை அறுக்கும், பாதிக்குமேல் ‘டப்’பென்று பிளக்கும், வெட்டின முகத்தைப் பார்த்தால் மேல்பாதி வழவழ, கீழ்ப்பாதி விறகு பிளந்த மாதிரி. ஒப்பினெல்லின் அலகு அதில் பாதிக்குச் சற்றே மேல். அதே கேரட்டில் அது சத்தமே இல்லாமல் அடிவரை இறங்கும். இரண்டையும் ஒரே கல்லில், ஒரே கோணத்தில் தீட்டியிருந்தாலும் இந்த வித்தியாசம் இருக்கும். வாய் எவ்வளவு கூர் என்பது ஒன்று, வாய்க்குப் பின்னாலிருக்கும் சதை எவ்வளவு மெல்லிசு என்பது இன்னொன்று. சமையல்கட்டில் நாம் ‘நல்லா வெட்டுது’ என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாவதை. நாரையும் குழாயையும் அறுக்க இரண்டுமே போதும். கொய்யாவுக்கும் வெங்காயத்துக்கும் மெல்லிசுதான் வேண்டும். எலும்புப் பக்கம் போகிறவருக்குத் தடிப்பு.

எஃகைப் பற்றி ஆண்கள் பேசுகிற பேச்சு பைக்கின் மைலேஜ் பேச்சு மாதிரி, முடியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பார்ட்டனின் எஃகு, கெட்டித்தன்மையைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 வாக்கில், கொஞ்சம் மெதுதான். சீக்கிரம் மழுங்கும், அதே வேகத்தில் கூராகும், கல்லில் பட்டாலும் உடையாது, வளையும். ஒப்பினெல் இரண்டு வகையில் வருகிறது. கார்பன் எஃகு நன்றாகக் கூர் ஏறும். ஆனால் வாழைக்கறை பட்டால் ஒரே வாரத்தில் நீலம் பாய்ந்து கறுத்துவிடும். அந்தக் கறுப்பு துரு இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் வருகிற சிவப்புதான் துரு. தோட்டத்துக்கு ஸ்டெயின்லெஸ் வகையே தலைவலி இல்லாதது. எந்த வகையானாலும் பிடி மரம். அடைமழையில் மரம் ஊதி, அலகைப் பிடித்துக்கொள்ளும். சவோய்க்காரர்கள் அதற்கு வளையத்தைத் தளர்த்திவிட்டுப் பிடியின் அடிக்குண்டை மேசை விளிம்பில் தட்டுவார்கள். அலகின் முதுகு நுனி தானே எட்டிப் பார்க்கும். நகத்துக்கு வேலை இல்லை.

பக்அவுட்டில் எஸ்30வி என்கிற எஃகு. வனேடியம் நாலு சதவிகிதம் சேர்த்தது. வாரக்கணக்கில் கூர் நிற்கும், அதில் பொய்யில்லை. ஆனால் அந்த வனேடியம் எஃகுக்குள் சின்னச் சின்ன மணிகளாக இறுகியிருக்கிறது, அந்த மணி நம் ஹார்டுவேர் கடை சாணைக்கல்லின் துகளைவிடக் கெட்டி. தேய்த்தால் எஃகு தேயும், மணி தேயாது. அரைமணி நேரம் தேய்த்துவிட்டுக் கல் சரியில்லை என்று திட்டுவோம். அதற்கு வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். கத்தி விலையோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போடு என்றேன்.

தெருவில் சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிச் சாணை பிடிக்க வருகிறவரிடம் அரிவாளைக் கொடுக்கலாம், மடக்குக் கத்தியைக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் இல்லாத சக்கரத்தில் தீப்பொறி பறக்கும்போது மெல்லிய வாய் நொடியில் சூடேறும். விளிம்பில் நீலமோ பழுப்போ கண்டால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் அந்த இடம் எத்தனை தீட்டினாலும் மறுநாளே மழுங்கும்.

வீட்டிலேயே செய்வது கஷ்டமில்லை. இருபக்கக் கார்போரண்டம் கல், சொரசொரப்புப் பக்கம் மேலே, தண்ணீர் தெளித்து ஈரத்துணிமேல் வை, நகராது. அலகின் அகலம் இரண்டு சென்டிமீட்டர் என்றால் அதன் முதுகைக் கல்லிலிருந்து அரை சென்டிமீட்டர் தூக்கினால் சுமார் 15 டிகிரி வரும். அந்தச் சாய்வு மாறாமல், கல்லிலிருந்து மெல்லிய ஒரு சீவலை எடுக்கப் போகிற மாதிரி, குதிகாலிலிருந்து நுனிவரை தள்ளு. அழுத்தாதே. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகு மறுபக்க விளிம்பில் பெருவிரலைக் குறுக்கே, வாய்நெடுக இல்லை, குறுக்கே தடவிப் பார். நகத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு குதிகால்முதல் நுனிவரை விட்டுப்போகாமல் இருந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. முக்கால்வாசிப்பேர் பிசிறு வருமுன்னே திருப்பிவிடுகிறார்கள், ‘எனக்குச் சாணை வரமாட்டேங்குது’ என்பது அதனால்தான். திருப்பி அந்தப் பக்கமும் பிசிறு எழுப்பு. பிறகு வழவழப்புப் பக்கத்தில் இதையே இன்னும் லேசான கையோடு. கடைசியில் பிசிறை எடுக்கப் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் அலகைப் பின்னோக்கி இழு, சலூன்காரர் தோல்வாரில் சவரக்கத்தியை இழுப்பாரே, அப்படி. கல் கையில் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மினுக்குப் பூசாத வளையத்தில் நாலு இழுப்பு இழு, சாயங்காலம்வரை தாங்கும்.

அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் அலகில் பூச ஏற்றது, கொய்யா வெட்டினாலும் வாயில் வைக்கலாம். அச்சில் விடாதே. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், ஊட்டிக்குப் போனால் கத்தி திறக்காது.

இவ்வளவையும் மூன்று குரல் செய்தியாக அனுப்பிவிட்டு, என் தீர்ப்பையும் சொன்னேன். பக் 110 உனக்கு வேண்டாம், அழகுக்கு வாங்கி அலமாரியில் வைப்பதென்றால் வாங்கு. ஒப்பினெல் நல்லது, ஆனால் அதன் இடம் அடுக்களையும் மதியச் சோறும். தோட்டத்து ஒற்றைக்கை வேலைக்குக் குறுக்குத் தண்டு லாக்தான் சரி. பக்அவுட் வேண்டாம், அதே லாக்கில் கால் விலைக்கு, சாதாரணக் கல்லில் தீட்டக்கூடிய எஃகில் கிடைப்பதை எடுத்துக்கொள்.

இரண்டு நாள் பதிலில்லை. மூன்றாம் நாள் போன் செய்தான்.

“மாமா, செவப்பையே வாங்கலாம்னு இருக்கறனுங்க.”

“அதுல லாக்கே இல்லையே மாப்ளே. முழுசும் கேட்டியா?”

“கேட்டனுங்க. நான் எதையும் குத்தறதில்லைங்க மாமா, அறுக்கறதோட சரி. ஆனா ஸ்டார்ட்டர் பொட்டி மூடில நாலு ஸ்க்ரூங்க. பில்ட்டர்ல நாலு ஸ்க்ரூங்க. வெட்டறதைக் காட்டிலும் திருப்பறதுதானுங்க அதிகம்.”

நான் அதை யோசிக்கவில்லை. நாலு கத்தியை மூன்று அளவுகோலில் எடை போட்டேனே ஒழிய, கத்திக்காரன் நாள்பூரா எதைச் செய்கிறான் என்று கேட்கவில்லை. அப்படியென்றால் ஸ்பார்ட்டனை விட்டுவிட்டு அதே கம்பெனியின் அதே 91 மில்லிமீட்டர் டிங்கரை வாங்கு என்றேன். ஸ்பார்ட்டனின் முதுகில் ஒயின் பாட்டிலின் தக்கையைப் பிடுங்கும் சுருள் இருக்கும், டிங்கரில் அந்த இடத்தில் பிளஸ் ஸ்க்ரூடிரைவர். வாழைத்தோட்டத்தில் தக்கை எதற்கு?

“சரிங்க மாமா.”

“ஸ்டார்ட்டர் பொட்டியைத் தொறக்கறதுக்கு முன்னால மெயினை எறக்கிட்டுத் தொற. அந்தக் கத்திக்குப் பிடியெல்லாம் பிளாஸ்டிக்கா இருந்தாலும் உள்ளே முழுக்க உலோகந்தான்.”